முதல் ஜாஸ் பாட்டு: நான்கு குரலா, மூன்று குரலா, இசைத்தாளே இல்லாமலா?

பாம்பன், தங்கச்சிமடம் தொடங்கி மூக்கையூர் வரை, இராமநாதபுரம் கடற்கரைத் தேவாலயப் பங்குகளில் பாடும் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு தடவை கேட்டால் மெட்டைப் பிடித்துக்கொள்வார்கள். இவர்களை வைத்துக் கிறிஸ்துமஸ் கலைநிகழ்ச்சிக்கோ பள்ளி ஆண்டுவிழாவுக்கோ ஒரு ஜாஸ் பாட்டு செய்ய ஆசைப்படும் பயிற்றுநர்களுக்காக எழுதுகிறேன். அவர்கள் முதலில் கேட்பது, எந்தப் பாட்டு என்று. நான் பார்ப்பது, அந்தப் பாட்டைக் குரல்களுக்கு எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்று. இங்கே குரல் என்பது ஆள் கணக்கல்ல, ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் தனித்தனி வரி. ஒரே பாட்டு இரண்டு குரலுக்கு, மூன்று குரலுக்கு, நான்கு குரலுக்கு என்று தனித்தனி அரேஞ்ச்மென்ட்டாக விற்கிறது. வளரும் குழு எழுவதும் விழுவதும் அந்தத் தேர்வில்தான்.

எல்லாரையும் முதலில் இழுப்பது வாத்தியம் இல்லாத நான்கு குரல் பாட்டு. காரணம் புரிகிறது. அமெரிக்க அரேஞ்சர் ஜீன் பியூர்லிங் எழுதிய குரல் அமைப்புகளையோ, 1988-இல் முதல் ஆல்பம் தந்த டேக் 6 என்ற பாட்டுக் குழுவையோ கேட்டவர்களுக்கு அந்த ஒலி மறக்காது. வாத்தியம் வேண்டாம், கரண்ட் போனாலும் கவலையில்லை என்று செலவுக் கணக்கும் ஒத்துவரும். ஆனால் மெதுவான பாட்டில் பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்களை இரண்டு குரல்கள் உரசிக்கொண்டு நிற்க வேண்டும். சுருதியைத் தாங்க அடியில் எதுவும் இருக்காது. நீளமான மூச்சும் வேண்டும். குரலில் அதிர்வும் கூடாது. பயிற்சி குறைந்த குழு இரண்டாவது பக்கம் வருவதற்குள் அரை ஸ்வரம் இறங்கிவிடும். மெதுவாக இருப்பதால் இது சுலபம் என்று நினைப்பவர்கள் பலர். எனக்குத் தெரிந்து ஜாஸில் பிள்ளைகளுக்கு மிகக் கடினமானது இதுதான்.

இதற்கு எதிரே நான் வைப்பது மூன்று குரல் அரேஞ்ச்மென்ட்: சோப்ரானோ (பெண்களின் மேல் குரல்), ஆல்டோ (பெண்களின் கீழ்க் குரல்), ஆண்களுக்கு ஒரே குரல், கூடவே கீபோர்டும் பேஸ் கிட்டாரும் டிரம்ஸும். இது நான்கு குரலின் ஏழைத் தம்பி என்று ஒதுக்குகிறார்கள். அது சரியில்லை. கார்டு என்பது ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கொத்து. ஜாஸ் கார்டில் பெரும்பாலும் நான்கு ஸ்வரம் இருக்கும். ஜி 7 என்றால் ஜி, பி, டி, எஃப். இதில் அடி ஸ்வரமான ஜி-யை பேஸ் கிட்டார் எடுத்துக்கொள்கிறது. ஐந்தாம் ஸ்வரமான டி இல்லாவிட்டாலும் கார்டின் குணம் மாறாது. அந்தக் குணத்தைச் சொல்வது மூன்றாம் ஸ்வரமும் ஏழாம் ஸ்வரமும், அதாவது பி-யும் எஃப்-உம். இரண்டு குரல் அந்த இரண்டையும் பிடித்தால் போதும், மூன்றாவது குரல் மெட்டைப் பாடலாம். ஜாஸ் முழுசாகவே வந்துவிட்டது!

இன்னும் பாருங்கள். ஜாஸில் திரும்பத் திரும்ப வரும் கார்டு வரிசை டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7. ஒரு குரல் எஃப்-இல் நின்று, ஜி 7-இலும் எஃப்-இலேயே இருந்து, கடைசியில் இ-க்கு அரை ஸ்வரம் இறங்குகிறது. இன்னொரு குரல் சி-யில் தொடங்கி, அரை ஸ்வரம் இறங்கி பி-க்கு வந்து அங்கேயே இருந்துவிடுகிறது. தாவல் என்பதே இல்லை. காதால் பாடும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு வரியை ஒரு மாலையில் சொல்லிக்கொடுத்துவிடலாம். நல்ல அரேஞ்ச்மென்ட்டில் உள்குரல்கள் இப்படித்தான் நகரும். வாங்கும் முன் மாதிரிப் பக்கத்தில் ஆல்டோ வரியை மட்டும் விரலால் தொடர்ந்து பாருங்கள். அது குதித்துக் குதித்துப் போனால் வேறொன்றைத் தேடலாம்.

ஆண் குரல் விஷயத்தில் நம் ஊர் நிலைமை தனி. குரல் உடைகிற வயதுப் பையன்களுக்கு கீபோர்டின் நடு சி-க்குக் கீழே உள்ள எஃப் முதல் மேலே உள்ள டி வரை இருந்தால் நிம்மதி. மூன்று குரல் அமைப்பின் மூன்றாம் வரியைப் பெரும்பாலும் அந்த எல்லையை ஒட்டித்தான் எழுதுகிறார்கள். நான்கு குரலுக்கு நிஜமான டெனரும் (ஆண்களின் மேல் குரல்) பேஸும் (அடிக்குரல்) வேண்டும். அந்த அண்ணன்மார் படகில் இருப்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம். அப்போது வருவார்கள், பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொள்ளும். தடை முடிந்ததும் ஒத்திகையில் பாதி நாற்காலி காலி. நான்கு குரலை நம்பிக் கிறிஸ்துமஸுக்குத் திட்டம் போட்டால் டிசம்பரில் பேஸ் வரியை யார் பாடுவது?

அடுத்து தாளம். ஸ்விங் பாட்டா, பிரேசிலில் பிறந்த போசா நோவாவா? ஸ்விங்கில் ஒரு தட்டின் இரண்டு பாதியும் சமமில்லை. முன்பாதி நீளும், பின்பாதி குறுகும். இதை விளக்க நம்மிடம் திஸ்ர நடை இருக்கிறது. ‘தகிட’ சொல்லி, ‘தகி’யை ஒன்றாக இழுத்து ‘ட’வை மட்டும் தட்டச் சொல்லுங்கள், ஸ்விங் வந்துவிடும். வேகம் கூடக் கூட இந்த வித்தியாசம் கரைந்து இரண்டும் சமத்தை நெருங்கும். அதனால் முதல் பாட்டு நிமிடத்துக்கு 120 முதல் 140 தட்டுக்குள் இருக்கட்டும். பெரிய சிக்கல் ஆங்கில வார்த்தைகள். தமிழ் பேசும் நாக்கு எல்லா அசையையும் தெளிவாகச் சொல்லும். ஸ்விங்கோ சில அசைகளை விழுங்கச் சொல்லும், சிலவற்றை அடித்துச் சொல்லச் சொல்லும். மெட்டுக்கு முன்னால் வரிகளைத் தாளத்தோடு பேச வைக்காமல் இது வராது.

போசா நோவாவில் பாதிகள் சமம் என்பதால் தாளம் சீக்கிரம் அமைந்துவிடும், குரலையும் மென்மையாக வைக்கப் பழக்கும். ஆனால் பல போசா மெட்டுகள் அரை அரை ஸ்வரமாக நெளிந்து போகும், காதுக்கு அதுதான் வேலை. இரண்டாவது வருஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

தாளே இல்லாத வழியும் இருக்கிறது, எனக்கு அதன்மேல் தனிப் பாசம். பன்னிரண்டு பார் ப்ளூஸ், அதாவது பன்னிரண்டு தாளச் சுற்றுகளில் ஒரே கார்டு வரிசை திரும்பத் திரும்ப வரும் பாட்டு. 1930-களில் அமெரிக்க பியானோ கலைஞர் கவுன்ட் பேஸியின் கான்சஸ் சிட்டி குழு பல உருப்படிகளைத் தாளில் எழுதாமல் ஒத்திகையிலேயே கட்டியது. ஒரு பகுதி ஒரு சின்னத் துண்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கும், இன்னொரு பகுதி பதில் சொல்லும். ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டனின் ‘சி ஜாம் ப்ளூஸ்’ மெட்டு முழுக்க ஜி, சி என்று இரண்டே ஸ்வரம். வலை இழுக்கையில் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் ஒன்றாகத் திருப்பிச் சொல்லும் அம்பாப் பாட்டு இந்தக் கரைக்குப் புதிதில்லையே! அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கேள்வி-பதில் பாட்டை விளக்கவே வேண்டாம். ஸ்வரத்தை வளைத்துப் பாடுவதும் இயல்பாக வரும், ப்ளூஸுக்கு அது தேவை. தத்தகாரம் பாடத் தெரிந்த பிள்ளை ஸ்காட் பாட, அதாவது பொருளில்லாத அசைகளால் கற்பனையாகப் பாட, கூச்சப்படாது. குறை என்னவென்றால், இதில் இசைக்குறிப்பு படிக்கும் பழக்கம் வளராது. குரல் குரலோடு இழைவதும் இதனால் மட்டும் வராது.

என் தேர்வு இப்படி. பெண் பிள்ளைகளே அதிகம் உள்ள குழு என்றால் மூன்று பெண் குரல் அமைப்பு வேண்டாம். எல்லாக் குரலும் ஒரே சிறிய எல்லைக்குள் நெருக்கிக்கொள்ளும். இரண்டு குரலும் கீபோர்டும் நன்றாக நிற்கும். கலப்புக் குழு என்றால் மூன்று குரல் ஸ்விங். முதல் பக்கம் எல்லாரும் ஒரே மெட்டு, நடுவில் பிரிவு, கடைசியில் கார்டு என்று படிப்படியாகப் போகும் அரேஞ்ச்மென்ட்டாகத் தேடுங்கள். ஸ்காட் தனிப்பாடலைக் குறிப்பாகவே எழுதித் தந்திருந்தால் இன்னும் நல்லது. அமெரிக்க அரேஞ்சர் கெர்பி ஷா போன்றவர்கள் பள்ளிக் குழுக்களை நினைத்தே நிறைய எழுதியிருக்கிறார்கள், அங்கிருந்து தொடங்கலாம். ஒரு பிரதி வாங்கி எல்லாருக்கும் ஜெராக்ஸ் போடாதீர்கள். எழுதியவருக்கு வருமானமே பிரதிதான்.

ஜூன் பாதியில் ப்ளூஸைத் தாளில்லாமல் ஆரம்பியுங்கள். ஆகஸ்டில் மூன்று குரல் தாளைக் கையில் கொடுங்கள். அந்த நான்கு குரல் ஆசை அடுத்த தடைக்காலம் வரை காத்திருக்கட்டும், டெனரும் பேஸும் கரையில் இருக்கும்போது எடுக்கலாம்.