குருஷியல் 8 ஜிபி டிடிஆர்3எல்: பழைய டெஸ்க்டாப்புக்கு 1.35 வோல்ட் ராம் வாங்கலாமா?

கோவை காந்திபுரத்திலோ திருப்பூரிலோ பழைய ஆபீஸ் டெஸ்க்டாப் வாங்கப் போனால் பெரும்பாலும் கண்ணில் படுவது இன்டெல் 4-ஆம், 6-ஆம் தலைமுறை மெஷின்கள்தான். பனியன் கம்பெனி பில்லிங், டேலி, பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றுக்கும் தாங்கும். 4 ஜிபியோடு வந்தால் இன்னொரு 8 ஜிபி போடாமல் முடியாது. அங்கேதான் இந்தக் கேள்வி வரும்: “1.35 வோல்ட் ராம் போட்டா கரண்ட் பில் குறையுமுங்களா?”

குறையும். வருசத்துக்கு முப்பது ரூபாய்.

கணக்கு இதுதான். சாதாரண டிடிஆர்3 ராம் 1.5 வோல்ட்டில் ஓடும், டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டில். மின்செலவு வோல்ட்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால் ஏறக்குறைய 19 சதவீதம் மிச்சம். ஆனால் ஒரு 8 ஜிபி ராம் குச்சி வேலை நேரத்தில் இழுப்பதே இரண்டு மூன்று வாட்தான். ஒரு குச்சிக்கு அரை வாட், இரண்டுக்கு ஒரு வாட் மிச்சம். தினம் 10 மணி நேரம், வருசம் 300 நாள் என்றால் 3 யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதே மெஷின் சும்மா இருக்கும்போது 30 வாட் இழுத்தால், ராத்திரி 14 மணி நேரம் அணைக்காமல் விட்ட ஒரே வாரத்தில் அந்த 3 யூனிட்டும் போய்விடும். ஸ்லீப் செட்டிங்கைச் சரி செய்ய ஒரு பைசா செலவில்லை.

அப்படியும் இந்தக் குச்சியைப் பரிந்துரைக்கக் காரணம் வேறு. 1.35, 1.5 இரண்டு வோல்ட்டேஜிலும் ஓடும்படி செய்தது இது. ஆபீசில் நாலு விதமான டிடிஆர்3 மெஷின் இருந்தால் எதிலிருந்து கழற்றி எதில் வேண்டுமானாலும் போடலாம். 1.5 வோல்ட் குச்சிக்கு அந்தச் சலுகை கிடையாது. வேகம் 1600, சிஎல் (தகவல் தர எடுக்கும் தாமத அளவு) 11. ஹீட் சிங்க் இல்லை, தேவையும் இல்லை.

மிச்சம் எங்கே கிடைக்கும், எங்கே கிடைக்காது என்பதைப் பலரும் பார்ப்பதில்லை. 4-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்களுக்கு இன்டெல் கொடுத்த விவரக்குறிப்பே “டிடிஆர்3எல், 1.5 வோல்ட்டில்” என்கிறது. டெல் ஆப்டிபிளெக்ஸ் 3020, 9020 எல்லாம் இந்த வகை. 1.35 குச்சி போட்டாலும் போர்டு 1.5 கொடுத்தே ஓட்டும். அந்த முப்பது ரூபாயும் இல்லை. 6-ஆம் தலைமுறையில் நிலைமை தலைகீழ். ஆப்டிபிளெக்ஸ் 3040 போல டிடிஆர்3எல் ஸ்லாட் உள்ளவற்றில் 1.35 கட்டாயம். 1.5 குச்சிக்கும் அதே 240 பின், அதே வெட்டு என்பதால் ஸ்லாட்டில் சிக்கென்று உட்கார்ந்துவிடும். சில மெஷின் ஆன் ஆகாது. ஆன் ஆனாலும் ஆபத்துதான்: ராமைக் கட்டுப்படுத்தும் பகுதி ப்ராசசருக்குள்ளேயே இருப்பதால் அடி அங்கே விழும். கேமிங் மெஷினிலிருந்து கழற்றிய 1.65 வோல்ட் குச்சியை இதில் தொடவே வேண்டாம்.

பழைய 1.5 குச்சியோடு புதிய 1.35 குச்சியைச் சேர்த்தால் எல்லா ஸ்லாட்டுக்கும் ஒரே வோல்ட்டேஜ்தான் போகும். 4-ஆம் தலைமுறையில் இரண்டும் 1.5-இல் ஓடும், கெடுதல் இல்லை, லாபமும் இல்லை. சிபியு-இசட் என்ற, கணினி விவரம் காட்டும் மென்பொருளில் எஸ்பிடி பக்கம் 1.35 என்று காட்டுவதை நம்பாதீர்கள். அது குச்சிக்குக் குறித்த அளவு. போர்டு கொடுப்பதை பயாஸில்தான் (மெஷின் ஆன் ஆகும்போது திறக்கும் அடிப்படை செட்டிங்) பார்க்கவேண்டும்.

லேபிளைப் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள். “பிசி3எல்-12800யு” என்று இருக்கவேண்டும். 3-க்குப் பின்னால் எல் இல்லையென்றால் 1.5 வோல்ட். கடைசி எழுத்து யு என்றால் டெஸ்க்டாப், எஸ் என்றால் லேப்டாப், ஆர் என்றால் சர்வர். சர்வர் ராம் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று வாங்கிவந்தால் இந்த மெஷின்களில் படமே வராது. குருஷியலில் பார்ட் நம்பரின் 160-க்கு முன்னால் “பிடி” என்று வந்தால் 1.35, “பிஏ” என்றால் 1.5. கிங்ஸ்டனில் 1.35 என்றால் 16-ஐ ஒட்டி எல் இருக்கும். சாம்சங்கில் பார்ட் நம்பரில் வரும் சிறு கோட்டுக்கு (-) அடுத்து ஒய் என்றால் 1.35, சி என்றால் 1.5. ஆன்லைனில் “ஏஎம்டிக்கு மட்டும்” என்று சின்ன எழுத்தில் போட்டு மலிவாக விற்கும் 8 ஜிபி, இன்டெல் போர்டில் வேலை செய்யாது.

குருஷியல் நுகர்வோர் வியாபாரத்தை விட்டு விலகுவதாக அதன் தாய் நிறுவனமான மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. இனி கிடைப்பது இருப்புச் சரக்குதான். பில்லைப் பத்திரமாக வையுங்கள். இந்த மெஷின்களுக்கு விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக இல்லை, விண்டோஸ் 10 ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்தது. அதனால் புதுக் குச்சிக்குப் பெரிய விலை கொடுப்பதைவிட, சோதித்துக் கொடுக்கும் கடையில் செகண்ட் ஹேண்ட் வாங்குவதே எங்கள் யோசனை.

மாட்டும்போது பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்தி, கேபினட் இரும்பைத் தொட்ட பிறகு கை வையுங்கள். பனியன் யூனிட்டில் ஓடிய மெஷின் என்றால் ஸ்லாட்டுக்குள் பஞ்சு அடைந்திருக்கும். குச்சியை மாட்டியதும் விடாமல் பீப் அடித்தால் ராமைக் குறை சொல்வதற்கு முன் அதைப் பாருங்கள்: மெல்லிய பிரஷ்ஷால் ஸ்லாட்டைத் தட்டி, தங்கப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, பொடியை ஊதிவிட்டு, பூட்டு ‘டக்’ என்று விழும்வரை அழுத்துங்கள். பிறகு மெம்டெஸ்ட்86 என்ற ராம் சோதிக்கும் மென்பொருளில் நாலு சுற்று. ஒரு பிழை வந்தாலும் குச்சி கடைக்குத் திரும்பவேண்டும்.

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் ஒரு 8 ஜிபியைவிட இரண்டு 4 ஜிபி நல்லது. கொஞ்சம் கூடுதலாக இழுக்கும், ஆனால் இரண்டு சேனலும் (ராமுக்கும் ப்ராசசருக்கும் இடையிலான பாதைகள்) ஓடும்.

புதிதாக டிடிஆர்4 மெஷின் எடுப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை, அடிப்படையே 1.2 வோல்ட். 3200 வேகத்தில் சிஎல் 22 என்று போட்டதை எடுங்கள். சிஎல் 16 என்றால் எக்ஸ்எம்பி (ராமைக் குறித்த முழு வேகத்தில் ஓட்டும் பயாஸ் செட்டிங்) போட்டதும் 1.35-க்கு ஏறும் ரகம். ஆபீஸ் வேலைக்கு வீண். டிடிஆர்5-இல் 1.1 வோல்ட்தான், ஆனால் வோல்ட்டேஜைக் குறைக்கும் சிப் குச்சியிலேயே உட்கார்ந்திருப்பதால் அந்தச் சூடும் அங்கேயே சேரும். கேபினட் ஃபேனில் பஞ்சு அடைந்திருந்தால் முதலில் அதைத் துடையுங்கள்.