பி-ரியல் ஆப்: ஃபில்டர் இல்லை, ஆனால் போஸ் இருக்கிறது

பி-ரியலுக்கு ஒரே ஒரு வேலைதான். தினமும் ஒரு தடவை, எப்போது என்று யாருக்கும் முன்கூட்டியே தெரியாத நேரத்தில் நோட்டிஃபிகேஷன் வரும், வந்ததிலிருந்து இரண்டு நிமிடத்துக்குள் நாம் இருக்கிற இடத்தில் இருக்கிற கோலத்தில் படம் எடுத்துப் போட வேண்டும். முன் கேமரா, பின் கேமரா இரண்டிலும் படம் விழும். ஃபில்டர் கிடையாது. நாம் போடாதவரை நண்பர்கள் போட்டதைப் பார்க்கவும் முடியாது. 2020-இல் பிரான்ஸில் தொடங்கிய ஆப் இது, 2022-இல் அந்த வருடத்தின் சிறந்த ஐபோன் ஆப் என்று ஆப்பிள் இதைத் தேர்ந்தெடுத்தது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது பின் கேமராதான். செல்ஃபிக்கு எல்லோரும் தேறிவிட்டோம், எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினால் நன்றாக விழும் என்பது அத்துப்படி. எதிரே கிடப்பதை இரண்டு நிமிடத்தில் ஒதுக்கி வைக்க முடியாது. என் சித்தி மகள் இன்ஸ்டாகிராமில் எப்போதும் பட்டுப்புடவை, மகாபலிபுரம், காபி நுரையில் இதயம் என்றுதான் இருப்பாள். பி-ரியலில் அவளுடைய பின் கேமராவில் வருவது ஹாஸ்டல் கட்டில், மடிக்காத துணி, ஓரம் கிழிந்த பேங்க் தேர்வு புத்தகம், அதன் மேலேயே சாப்பிட்டு வைத்த பரோட்டா பார்சல். தொடர்ந்து அதே கட்டில், அதே புத்தகம் என்று வந்ததைப் பார்த்துத்தான் இந்தப் பெண் வெளியே எங்குமே போவதில்லை போலிருக்கிறதே என்று போன் செய்து பேசினேன். இன்ஸ்டாவை மட்டும் பார்த்திருந்தால் லைக் போட்டுவிட்டுப் போயிருப்பேன்.

சரி, அப்படியானால் இங்கே எல்லோரும் உண்மையாக இருக்கிறார்களா? இல்லை. இரண்டு நிமிடம் தாண்டினாலும் படம் போடலாம் என்று விட்டிருப்பதால், மதியம் வந்த நோட்டிஃபிகேஷனைக் கிடப்பில் போட்டுவிட்டு சாயங்காலம் ஹோட்டலுக்குப் போனதும் போடுகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் எவ்வளவு நேரம் தாமதம் என்பது படத்தோடு வந்துவிடும், எத்தனை தடவை மாற்றி மாற்றி எடுத்தார்கள் என்பதையும் நண்பர்கள் பார்க்கலாம். நடிப்பைத் தடுக்க இந்த ஆப்பால் முடியவில்லை, நடிக்க எடுத்துக்கொண்ட நேரத்தைக் காட்டிவிடுகிறது. வேறு எந்த ஆப்பிலும் நான் பார்க்காத நேர்மை இது, இதற்காகவே நல்ல மார்க் கொடுப்பேன்.

நேரத்துக்குப் போட்டால் அன்றைக்குக் கூடுதலாகப் படம் போடலாம் என்று பின்னால் ஒரு சலுகை கொண்டுவந்தார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை. கூடுதல் படங்களை நமக்கு வேண்டிய நேரத்தில் எடுக்கலாம் என்றால் அப்புறம் இன்ஸ்டாவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? 2024-இல் வூடூ என்ற கேம் கம்பெனி 50 கோடி யூரோ கொடுத்து இதை வாங்கியது, இப்போது விளம்பரமும் வருகிறது. டிக்டாக் இதே யோசனையை எடுத்து டிக்டாக் நவ் என்று 2022-இல் கொண்டுவந்து அடுத்த வருடமே மூடிவிட்டது. டிக்டாக்கில் இருக்கும் முன்பின் தெரியாத கூட்டத்துக்கு முன்னால் அழுக்குத் துணியை யார்தான் காட்டுவார்கள்.

அதனால் பி-ரியலில் படம் போடுகிறவர்கள், சொல்லாமல் கொள்ளாமல் உங்கள் வீட்டுக்கு வந்து நிற்கிற உரிமை உள்ளவர்களை மட்டும் நண்பர்களாகச் சேருங்கள். ஆபீஸ் ஆட்கள் வேண்டவே வேண்டாம், மானிட்டரில் திறந்திருக்கும் ஃபைல் வரைக்கும் பின் கேமராவில் தெரியும். இருக்கும் இடத்தைக் காட்டும் வசதியையும் முதல் படத்துக்கு முன்பே அணைத்து வையுங்கள், முக்கியமாகத் தனியாகத் தங்கியிருக்கிற பெண்கள்.