மஞ்சளை விரல் என்று அழிக்கும் ஸ்கேனர்

விலை இறங்கியதிலிருந்து காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பலர் கேட்கிறார்கள்: பெட்டகத்தில் கிடக்கும் பேரேடு, மொய் ஏடு எல்லாவற்றையும் படமாக்க, மேலிருந்து எடுக்கும் இந்தப் புத்தக ஸ்கேனரை வாங்கலாமா?

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நூல் தைத்த ஏட்டைச் சாதாரண ஸ்கேனரின் கண்ணாடியில் கவிழ்த்து அமுக்கினால் முதுகு பிளந்துவிடும். இதில் மல்லாக்க வைத்துக் கால் பெடலை மிதித்தால் இரண்டே நொடியில் படம் விழுகிறது. அச்சுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்றால் குறையே சொல்ல முடியாது.

கணக்கேட்டில்தான் வினை. தாளைப் பிடித்துக்கொள்ள மஞ்சள் ரப்பர் விரலுறை தருகிறார்கள். பக்க ஓரத்தில் அந்த நிறத்தைக் கண்டால் மென்பொருள் அதை விரல் என்று எடுத்துக்கொண்டு, அழித்துவிட்டுத் தாளின் நிறத்தைப் பூசிவிடும். மூலைக்கு மூலை மஞ்சள் தடவாமல் நம் பக்கத்தில் யார் புதுக்கணக்குப் போட்டார்கள்? மஞ்சள் போகிறது. அதை ஒட்டி எழுதிய பிள்ளையார் சுழி, ‘லாபம்’, கடை விலாசத்தின், அதாவது கடைப்பெயர்க் குறியின், முதலெழுத்து எல்லாம் பாதி பாதியாகப் போகின்றன. அழித்த தடமே தெரியாது என்பதுதான் கொடுமை. சரிபார்ப்பவர் கண்ணுக்குச் சுத்தமான பக்கமாகவே படும்.

விரல் நீக்கத்தை மட்டும் தனியாக அணைக்க வழியில்லை; பக்கத்தின் வளைவை நிமிர்த்தும் ‘வளைவு நேராக்கலோடு’ சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். ‘திருத்தம் வேண்டாம்’ என்று வைத்தால் இரண்டும் நிற்கும். ஆனால் மென்பொருளை மூடித் திறந்தால் பழையபடி இரண்டும் ஓடும் புத்தக மோடுக்கே போய்விடும். வளைவு நேராக்கலும் பக்க விளிம்பைப் பார்த்துத்தான் கணிக்கிறது. இராமபாணப் பூச்சி அரித்த விளிம்பு கிடைத்தால் வரிகள் அலையாகி, ஒரு வரியின் ௱ (நூறு) அடுத்த வரித் தொகையோடு போய் நிற்கும்.

கறுப்பு வெள்ளை மோடைத் தொடவே தொடாதீர்கள். வெளுத்த மையில் மெல்லிய கோடுகள் முதலில் உதிரும், பின்னக் குறிகளும் அவற்றோடு போகும். ஒரு மாகாணி மறைந்தால் ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது ஓரணா கணக்கில் காணோம்.

வாங்க வேண்டாம் என்பதே என் முடிவு. பாதி விலைக்குக் கொடுத்தாலும் கணக்கேட்டுக்கு வேண்டாம். கோட்டையூர் ரோஜா முத்தையாவின் பழைய நூல் சேகரிப்பைச் சென்னையில் மைக்ரோஃபிலிம் எடுத்தார்களே, ஃபிலிம் எந்தப் பக்கத்தையும் தானாகத் திருத்தவில்லை. நமக்கு வேண்டியது அப்படியொரு கருவி.

பழைய 24 மெகாபிக்சல் கேமரா, செங்குத்துத் தாங்கி, பக்கவாட்டில் 45 பாகையில் இரண்டு விளக்கு, இவை போதும். அகலவாட்டில் 6000 பிக்சல் கிடைக்கும். ஏ3 தாளின் நீளம் 16.5 அங்குலம், ஆக அங்குலத்துக்குச் சுமார் 360 பிக்சல். கருவியின் பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பாமல், ஓர் அடிக்கோலை வைத்துப் படமெடுத்து ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்று எண்ணிப் பாருங்கள். 12 மெகாபிக்சல் கருவியில் 240 முதல் 260 வரைதான் கிடைக்கும்.

வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்துப் பக்கம், வைத்து எடுக்காதீர்கள். முற்றத்து வெயில் நகர நகரப் பக்கத்துக்குப் பக்கம் நிறம் மாறும், ஆத்தங்குடி வண்ணக் கல் தரையின் சாயலும் தாளில் ஏறும். உள்ளறையில் கதவைச் சாத்தி, கீழே கறுப்புத் துணி விரியுங்கள். தாளை விரலால் பிடிக்காமல், எழுத்தில்லாத ஓரத்தில் மெல்லிய கறுப்பு அட்டைப் பட்டையை வைத்து நிறுத்துங்கள். நிறம் ஒப்பிட்டுப் பார்க்கும் நிற அட்டையும் அடிக்கோலும் ஏட்டின் முதல் படத்திலாவது இருக்கட்டும். மூலப் படத்தை டிஃப் (TIFF) கோப்பாக, எந்தத் திருத்தமும் செய்யாமல் வையுங்கள். நேராக்குவது, வெட்டுவது எல்லாம் நகலில்தான்.

கோப்புப் பெயரில் விலாசம், கடை இருந்த ஊர், ஏட்டின் வகை, ஆண்டு நான்கும் வேண்டும். தமிழ் ஆண்டை மட்டும் எழுதினால் போதாது. பிரபவ என்றால் 1867-ம் உண்டு, 1927-ம் உண்டு. ரங்கூன் கடை ஏடோ, பினாங்குக் கடை ஏடோ, உள்ளே இருக்கும் ஆங்கிலத் தேதி முத்திரையோ ஸ்டாம்போ பார்த்து, ஆங்கில ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள்.