லிவர்பூல்காரர் ஏன் லிவர்புட்லியன்? எட்டிமான்லைன் தளம் பற்றி

இங்கிலீஷ் கால்பந்து வர்ணனை கேட்பவர்களுக்கு இந்தச் சந்தேகம் கட்டாயம் வந்திருக்கும்: லண்டன்காரர் லண்டனர், சரி, மான்செஸ்டர்காரர் மட்டும் எப்படி மன்கூனியன் ஆனார்? காசு கொடுத்து வாங்கிய ஒரு அகராதிச் செயலியில் தேடினேன். 'மான்செஸ்டரைச் சேர்ந்த' என்று ஒரே வரி, அவ்வளவுதான். நொந்துபோய் எட்டிமான்லைன் பக்கம் போனேன். டக்ளஸ் ஹார்ப்பர் தொடங்கிய சொற்பிறப்புத் தளம், இலவசம்.

மான்செஸ்டரின் இடைக்கால லத்தீன் பெயர் மன்கூனியம், அதிலிருந்து வந்ததுதான் மன்கூனியன். கி.பி. 79 வாக்கில் ரோமானியர்கள் அங்கே கட்டிய கோட்டைக்கு மமூசியம் என்று பெயர், அதுதான் பிற்பாடு திரிந்து மன்கூனியம் ஆயிற்று. ஊர்ப்பெயர் மாறிவிட்டது, ஊர்க்காரர் பெயரில் மட்டும் பழசு ஒட்டிக்கொண்டிருக்கிறது! ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஆக்ஸோனியன், கேம்பிரிட்ஜுக்கு கேண்டாபிரிஜியன், எல்லாம் இதே லத்தீன் வழிதான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது லிவர்புட்லியன். 'பூல்' என்றால் குளம், அதைக் கிண்டலாக 'பட்ல்', அதாவது மழைத்தண்ணீர் தேங்கிய குட்டை, என்று மாற்றி யாரோ விளையாட்டாகச் சொன்னது 19ஆம் நூற்றாண்டில் நிலைத்துவிட்டது, இன்று அந்த ஊர்க்காரர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். கிளாஸ்கோவின் கிளாஸ்வீஜியன் நார்வீஜியன் போன்ற சொற்களின் சாயலில் உருவானது, அதில் லத்தீனும் இல்லை, ஒழுங்கான இலக்கண விதியும் இல்லை.

பதிவுகள் சின்னவைதான், ஆனால் ஒரு சொல்லைத் தட்டினால் அடுத்ததற்குக் கூட்டிப்போகிறது, நேற்று தூங்கப் போகும்போது மணி ஒன்றரை. தமிழ் விளக்கம் கிடையாது, ஓரளவு ஆங்கிலம் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஐந்துக்கு நாலரை தாராளமாகக் கொடுப்பேன்.