அக்காவின் வயிற்று வலியும் ஒரு மனநல டாக்டரும்

இந்த முறை விடுமுறையில் பாதி அக்காவின் வயிற்றோடு போனது. பல மாதமாக வலி. சில நாள் மலச்சிக்கல், சில நாள் பேதி. ஸ்கேன், எண்டோஸ்கோபி, ரத்தப் பரிசோதனை என்று ஒரு பை நிறைய ரிப்போர்ட். எல்லாம் நார்மல்.

பரிசோதனை வேகத்தில் ஊரைக் குறை சொல்ல முடியாது. காலையில் எடுத்தால் மாலையில் ரிசல்ட். நான் இருக்கும் நாட்டில் ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்கவே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆனால் நார்மல் என்று வந்த பிறகு உட்கார்ந்து பேசத்தான் ஆளில்லை. "ஒன்னுமில்லம்மா, டென்ஷனைக் குறைங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார் ஒருவர். வலியில் இருப்பவருக்கு அது 'நீ நடிக்கிறாய்' என்றுதான் கேட்கும். அக்கா அன்று ராத்திரி அழுதாள்.

பிறகு ஒரு பெரிய மருத்துவமனையில், குடல் மருத்துவரோடு சேர்ந்து நோயாளிகளைப் பார்க்கும் மனநல டாக்டரிடம் போனோம். (சொந்தக்காரர்கள் சொன்னதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை.) கேள்வி அக்காவுக்கு, பதில் அத்தானிடமிருந்து என்று கொஞ்ச நேரம் ஓடியது. டாக்டர் சிரித்துக்கொண்டே எங்கள் இருவரையும் வெளியே உட்காரச் சொன்னார்.

உள்ளே நடந்ததை அக்காவே பிறகு சொன்னாள். மனசைப் பற்றி எடுத்த எடுப்பில் ஒன்றும் கேட்கவில்லையாம். எடை குறைந்ததா, மலத்தில் ரத்தம் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் உண்டா என்றுதான் ஆரம்பித்திருக்கிறார். வயிற்றையும் அமுக்கிப் பார்த்திருக்கிறார். தூக்கம், வேலை, வீடு எல்லாம் அதற்கப்புறம்.

எங்களைக் கூப்பிட்டு நோயின் பெயரைச் சொன்னார்: இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், அதாவது ஸ்கேனில் கோளாறு தெரியாமலே குடல் வலியும் தொல்லையும் தரும் நோய். வேறு எதுவும் கிடைக்காததால் ஒட்டிய பெயர் இல்லை. மூன்று மாதமாக வாரம் ஒரு நாளாவது வலி, மலம் கழிப்பதோடு அதற்குத் தொடர்பு, மலத்தின் தன்மையில் மாற்றம் என்று இதற்கென்றே அளவுகோல் உண்டு. குடல் சுவரில் மட்டும் பத்துக் கோடிக்கு மேல் நரம்பு செல்கள் இருக்கின்றன. அவையும் மூளையும் ஓயாமல் பேசிக்கொள்கின்றன. "ரேடியோ நல்லாத்தான் இருக்கு, சத்தம்தான் கூடிப்போச்சு. ஸ்கேன்ல ரேடியோ தெரியும், சத்தம் தெரியாது. வலி நிஜம்மா" என்றார். அந்தக் கடைசி இரண்டு வார்த்தைக்காகவே அவருக்குக் கும்பிடு போடலாம்.

இரவில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதினார். மனச்சோர்வு மாத்திரை என்று இணையத்தில் படித்து அத்தான் பதறினார். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவு பல மடங்கு அதிகம், இந்த அளவில் வலி நரம்புகளை அடக்கத்தான் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். இங்கிலாந்தில் சாதாரண கிளினிக் நோயாளிகளிடம் செய்த ஆய்விலும் இது பலன் தந்ததாக 2023இல் வெளிவந்திருக்கிறது. வாய் உலரும், தூக்கம் வரும், மலச்சிக்கல் கூடலாம், கூடினால் உடனே சொல்லுங்கள், பலன் தெரியச் சில வாரம் ஆகும் என்பதையும் மறைக்கவில்லை. ரத்தமோ எடைக் குறைவோ தெரிந்தால் தன்னிடம் வராமல் நேரே குடல் மருத்துவரிடம் போகச் சொன்னார்.

குறையும் உண்டு. ஆலோசனை அறைக் கதவு சாத்தியே இருக்கவில்லை. அடுத்த டோக்கன்காரர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். மாத்திரையோடு சைக்காலஜிஸ்ட்டிடம் சிபிடி பயிற்சிக்கும் (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை) எழுதிக்கொடுத்தார், ஆனால் அதற்கு நேரம் வார நாள் காலையில் மட்டும்தான். வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை தடவை லீவு போட முடியும்? வீடியோ காலில் உண்டா என்று கவுண்டரில் கேட்டோம். கேட்டுச் சொல்கிறோம் என்று நம்பர் வாங்கி வைத்திருக்கிறார்கள். நான் கிளம்பும்வரை அழைப்பு வரவில்லை.