கிறிஸ்துமஸ் விருந்துக்கு ரெட்டா வைட்டா? நம்ம ஊரு வெக்கைக்கு என் ஓட்டு வைட்டுக்குதான்

இந்த தடவ கிறிஸ்துமஸ் மதிய சாப்பாட்டுக்கு வைன் வாங்குற பொறுப்பு என் தலையில விழுந்துச்சு. மச்சான் கல்ஃப்ல இருந்து லீவுக்கு வந்திருந்தாரு, மைனியும் ஒரு கிளாஸ் குடிப்பாங்க, அப்பா பிராந்தி கட்சி, வைன்னாலே சிரிப்பாரு, இப்படி ஆளுக்கொரு வாய். நான் வாங்கினது முழுக்க வைட், செனின் ப்ளாங்க் ரெண்டு பாட்டில், சாவினியான் ப்ளாங்க் ஒண்ணு. "எடே, பீப் வறுவலுக்கு ஒரு ரெட்டாவது வாங்கியிருக்கலாம்லா"ன்னு மச்சான் கேட்டாரு. கேட்டது நியாயம்தான், ஆனா நான் ஏன் வாங்கலங்கிறத கொஞ்சம் விவரமா சொல்லிடுதேன், ஏன்னா நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் உள்ளவங்க யாரு வைன் வாங்கினாலும் இந்த கேள்வி வரும்.

மீனுக்கு வைட், இறைச்சிக்கு ரெட், இது எல்லாருக்கும் தெரிஞ்சது, அதுல நேரம் போக்க வேண்டாம். ஒண்ணு மட்டும் சொல்லிட்டு போறேன், மீனோட ரெட் குடிச்சா வாயில ஒரு கவிச்சி தங்கும்லா, அதுக்கு முக்கிய காரணம் வைன்ல உள்ள இரும்புன்னு 2009-ல ஜப்பான் ஆராய்ச்சிக்காரங்க காட்டினாங்க. இரும்பு எல்லா ரெட்டுலயும் ஒரே அளவு இருக்காது, அதனாலதான் சில ரெட் நெய்மீன் வறுவலோட தப்பிச்சிடும், சிலது சாளையோட சேர்ந்தா ஒரு வாய்க்கு மேல போகாது.

எனக்கு முடிவு பண்ண வச்சது சாப்பாடு இல்ல, சூடு. ரெட் வைன 'ரூம் டெம்பரேச்சர்'ல குடிக்கணும்னு யாரோ சொன்னத வச்சுகிட்டு அப்படியே ஷெல்ஃப்ல இருந்து எடுத்து ஊத்துதாங்க. அது ஐரோப்பாவுல குளிர் வீட்டுக்கு சொன்ன பேச்சு, 16, 18 டிகிரி கணக்கு. நமக்கு டிசம்பர்லயும் பகல்ல 30 டிகிரி பக்கம் போகும், அதுலயும் கிறிஸ்துமஸ் அன்னைக்கு சொந்தக்காரங்க நிறைஞ்ச ஹால், அடுப்படியில மூணு பர்னரும் எரியுது, ஃபேன் காத்துகூட சுடும். அந்த சூட்டுல ரெட்ட ஊத்தினா மூக்குல முதல்ல ஏறுறது பழ வாசனை இல்ல, சாராய நெடி. 13, 14 சதவீதம் ஆல்கஹால் உள்ள கேபர்னே ஷிராஸ் எல்லாம் அந்த சூட்டுல கொழகொழன்னு, தொண்டையில எரிச்சலா இறங்கும். குடிச்சவங்க "வைன் நல்லால்ல"ன்னு சொல்லுவாங்க, வைன் மேல குத்தமே இருக்காது.

வைட்டுக்கு இந்த தொல்லையே கிடையாது, ஏன்னா அத ஃப்ரிட்ஜ்ல வைக்கணும்னு சின்னப்பயலுக்கும் தெரியும். 8-ல இருந்து 12 டிகிரி வரைக்கும் இருந்தா போதும், ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து பத்து பதினஞ்சு நிமிஷம் மேஜையில இருந்தா தானா அங்க வந்துடும். அதாவது, ஒண்ணும் தெரியாதவங்க கையில போனாலும் வைட் ஓரளவு சரியான பதத்துல கிளாஸுக்கு வந்து சேரும். ரெட்டுக்கு ஒருத்தர் பக்கத்துல நின்னு கவனிக்கணும். ரெட்டயும் ஃப்ரிட்ஜ்ல வைக்கலாம்லான்னு கேப்பீங்க, வைக்கலாம், வைக்கத்தான் செய்யணும், ஆனா 30 டிகிரில இருக்குற பாட்டில் 18-க்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், ரொம்ப நேரம் விட்டா சில்லுன்னு ஆகி துவர்ப்பு மட்டும் தூக்கலா நிக்கும், பாயசமும் மீன் சட்டியும் கேக்கும் அடைஞ்சு கிடக்குற ஃப்ரிட்ஜ்ல அத நேரம் பாத்து எடுக்க யாருக்கு பொறுமை இருக்கு?

ஃப்ரிட்ஜ்ல இடம் இல்லன்னா நம்ம ஊருல அதுக்கும் வழி இருக்கு. மீன் கொண்டு வர்ற தெர்மோகோல் பெட்டி, புதுசா ஒண்ணு வாங்கிக்கோங்க (பழசுல வச்சா பாட்டிலோட அயிலை வாசமும் மேஜைக்கு வரும்). பாதி ஐஸ், பாதி தண்ணி, ரெண்டு கைப்பிடி கல்லுப்பு. வெறும் ஐஸ் மட்டும் போட்டா நடுவுல காத்து நிக்கும், பாட்டில் மெதுவாத்தான் குளிரும், தண்ணி இருந்தாத்தான் கண்ணாடிய சுத்தி ஒட்டி சூட்ட இழுக்கும், உப்பு போட்டா ஐஸ் தண்ணி பூஜ்யத்துக்கும் கீழ இறங்கும். கழுத்து வரைக்கும் முங்கி இருந்தா அரை மணி நேரத்துல வைட் ரெடி. குளச்சல், முட்டம் பக்கம் ஐஸுக்கு என்ன பஞ்சம்.

சூடு கடையிலயும் வேலைய காட்டும். வைன் தயாரிக்கிற நாசிக்ல இருந்தோ பெங்களூர் கிட்ட நந்தி மலை பக்கம் இருந்தோ லாரியில வந்து, ஏசி இல்லாத கடையில மாசக்கணக்கா நின்ன பாட்டில்னா ரெட்டோ வைட்டோ ரெண்டுமே அடிவாங்கியிருக்கும், இதுல வைட்டுக்கு சலுகை ஒண்ணும் கிடையாது. தக்கை கொஞ்சம் வெளிய தள்ளியிருந்தா, லேபிள்ல கசிஞ்ச கறை இருந்தா எடுக்காதீங்க. வைட் பழுப்பு மஞ்சளா தெரிஞ்சாலும் அதே கதைதான். ரெட்டுல கண்ணாடியே கருப்பா இருக்கும், நிறத்த பாத்து ஒண்ணும் பிடிபடாது, வைட்டுல வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா ஓரளவு தெரியும், அது எனக்கு ஒரு தைரியம்.

இனி காரம். ரெட்டுல உள்ள டானின், அதான் நாக்க வறட்டுற துவர்ப்பு, மிளகா எரிச்சலோட சேர்ந்தா ரெண்டும் ஒண்ண ஒண்ணு ஏத்திவிடும், ஆல்கஹால் அதுல இன்னும் எண்ணெய் ஊத்தும். லேசா இனிப்பு உள்ள செனின் ப்ளாங்க் அந்த எரிச்சல அமத்தும், ரீஸ்லிங்னு ஒரு வைட், அது கிடைச்சாலும் அப்படித்தான். புளிமுளம்னு நம்ம ஊரு மீன் கறி, குடம்புளி போட்ட மீன் கறி, இதுக்கெல்லாம் நான் சாவினியான் ப்ளாங்க்தான் சொல்லுவேன், சாப்பாட்டுல உள்ள புளிப்ப விட வைன்ல புளிப்பு கம்மியா இருந்தா வைன் சப்புன்னு போயிடும், சாவினியான் ப்ளாங்க் நல்ல புளிப்பான வைன். ஆப்பமும் தேங்காப்பால் ஸ்டூவும்னா செனின் ப்ளாங்க். மரச்சீனி கிழங்கும் மீனும்னா ரெண்டுல எது வேணும்னாலும் ஊத்துங்க.

அப்போ ரெட் வேஸ்டான்னா, இல்ல. தேங்கா கொத்து போட்டு கருக வறுத்த பீப், மிளகு தூக்கலான மட்டன், இதுக்கு ரெட் நல்லாவே நிக்கும், கொழுப்பும் புரதமும் டானின மெதுவாக்கிடும். மச்சான் சொன்னது அந்த ஒரு தட்டுக்கு சரி. ஆனா நம்ம விருந்துல பீப் மட்டும் தனியா வராதே, மீனும் கோழியும் அவியலும் தீயலும் ஒரே இலையில வரும், அதுக்கு நடுவுல ஒரு பாட்டில்தான் திறப்பேன்னா நான் வைட்டத்தான் திறப்பேன். ரெட்டேதான் வேணும்னு அடம்பிடிச்சா டானின் கம்மியான மெர்லோ மாதிரி எடுங்க, கொஞ்சம் குளிர வச்சு குடிங்க.

வெளிய சாப்பிடப் போனா, கன்னியாகுமரியிலயோ அந்தப்பக்கம் கேரளா கோவளத்துலயோ, இதே சூட்டு விஷயம்தான் முதல்ல பாக்கணும். ரெட் பாட்டில் பார் கவுண்டருக்கு மேல லைட்டுக்கு கீழ நிக்குதா பாருங்க. பாட்டில் வந்ததும் தொட்டுப் பாருங்க, வெதுவெதுன்னு இருந்தா ஐஸ் பக்கெட் கேளுங்க, ரெட்டுக்கு பக்கெட் கேட்டா சர்வர் ஒரு மாதிரி பாப்பாரு, பாக்கட்டும், பத்து நிமிஷம் போதும். கிளாஸ் கணக்குல வாங்கினா எப்ப திறந்ததுன்னு கேக்கணும், நேத்து திறந்து வெளிய வச்ச ரெட்னா வேண்டாம்னுடுங்க. நாலு பேரு இருந்தா பாட்டிலாவே வாங்கிடுங்க, 750 மில்லில அஞ்சு கிளாஸ் வரும். கார் ஓட்டுற ஆளுக்கு கிளாஸ் வேண்டாம்.

ஸ்பார்க்ளிங், அதான் நுரைக்கிற வைன், அத பத்தி எனக்கு அனுபவம் கம்மி, ஒரு கல்யாண ரிசப்ஷன்ல நெத்திலி வறுவலோட குடிச்சதுதான், பொரிச்சதுக்கு நல்லா இருந்துச்சு, அதுக்கு மேல சொல்ல தெரியல. வெளிநாட்டு பாட்டிலும் அப்படித்தான், அந்த விலைக்கு கை நீளல. கேக்குக்கும் முந்திரிக்கொத்துக்கும் லேட் ஹார்வெஸ்ட் (நல்லா பழுக்க விட்டு தாமதமா பறிச்ச திராட்சையில செய்யுற இனிப்பு வைன்) செனின் ப்ளாங்க் சின்ன கிளாஸ்ல வச்சா பொருந்தும், கேக்க விட இனிப்பு கம்மியான வைன் எது வச்சாலும் புளிச்சுத்தான் தெரியும்.

மிச்சம் இருந்தா மூடிய திருகி ஃப்ரிட்ஜ்ல நிக்க வைங்க, ரெட்டயும்தான். மூணு நாளுக்குள்ள முடிச்சிடுங்க. எங்க வீட்டுல சாவினியான் ப்ளாங்க் பாதி மிஞ்சினத மறுநாள் ராத்திரி பழைய மீன் கறியோட அப்பாதான் காலி பண்ணினாரு, பிராந்தி பாட்டில் பக்கத்துலயே இருந்துச்சு.