கைட், டிரேடிங்வியூ, அமிபுரோக்கர்: இன்ட்ராடே (அன்றே வாங்கி அன்றே விற்பது) செய்பவருக்கு எது?

ஒரே பங்கின் ஒரு நிமிட சார்ட்டை மூன்று மென்பொருளிலும் அருகருகே திறந்து வைத்துப் பாருங்கள். சந்தை திறக்கும் 9:15-க்கான கேண்டிலின் (அந்த நிமிடத்தின் விலை ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கம்பம்) உச்சம் ஒன்றில் சில பைசா கூடுதலாக இருக்கும், இன்னொன்றில் வால் குட்டையாக இருக்கும். யாரும் பொய் சொல்லவில்லை. என்எஸ்இ-யில் (தேசியப் பங்குச் சந்தை) நடக்கும் ஒவ்வொரு வியாபாரத்தையும் விடாமல் சொல்லும் டிக்-பை-டிக் ஃபீட் பெரிய கைகளுக்கானது. நம் வீட்டுத் திரைக்கு வருவது அவ்வப்போது எடுத்து அனுப்பப்படும் ஸ்னாப்ஷாட். இரண்டு ஸ்னாப்ஷாட்டுக்கு நடுவில் விலை எகிறி இறங்கிவிட்டால் அது உங்கள் கேண்டிலில் பதியாது. ஆனால் ஸ்டாப்லாஸ் ஆர்டர் (குறித்த விலை வந்தால் நட்டத்தோடு வெளியேறச் சொல்லும் ஆர்டர்) சந்தையின் கம்ப்யூட்டரில் கிடக்கிறது, அது அடிபட்டுவிடும். “சார்ட்டில் அந்த விலையே வரலையே, எப்படி அடிச்சுது?” என்ற புலம்பலில் பாதி இங்கிருந்து வருவதுதான்.

அதனால் சார்ட்டின் அழகைப் பார்க்கும் முன் இரண்டு கேள்வி: டேட்டா யாருடையது, அதை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள்?

கையால் ஆர்டர் போடுபவருக்கு முதலில் வேண்டியது புரோக்கர் டெர்மினல், அதாவது புரோக்கர் தரும் ஆர்டர் திரை. ஜெரோதாவின் கைட்டை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். மற்ற புரோக்கர்களின் டெர்மினலும் இதே குடும்பம்தான். சார்ட்டுக்குத் தனிக் கட்டணம் இல்லை. சார்ட்இக்யூ, டிரேடிங்வியூ என்று இரண்டு வகை சார்ட்டும் உள்ளேயே இருக்கிறது. விலை, டெப்த் (வாங்க, விற்கக் காத்திருக்கும் ஆர்டர்களின் பட்டியல்), ஆர்டர் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருவதால் பார்த்த விலைக்கும் போட்ட ஆர்டருக்கும் குழப்பம் குறைவு. வாட்ச்லிஸ்டில் பங்கின் மேல் நின்று ‘பி’ தட்டினால் வாங்கும் சீட்டு வரும், ‘எஸ்’ தட்டினால் விற்கும் சீட்டு வரும். ஸ்கால்ப்பிங் (சில நொடி, நிமிடங்களில் வாங்கி விற்பது) செய்பவருக்கு இந்த ஒரு வசதியே பாதி காரியம்.

குறை என்னவென்றால், உத்தியைப் பழைய டேட்டாவில் ஓட்டிப் பார்க்க இது சரிப்படாது. எந்த புரோக்கராக இருந்தாலும் சரி, டெர்மினல் தொங்கினால் கண்ணும் கையும் ஒரே நேரத்தில் போய்விடும். பொசிஷன் திறந்திருக்கும்போது விலையாவது தெரிய வேண்டாமா? அதற்காகவே சார்ட்டைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

அங்கேதான் டிரேடிங்வியூவின் சொந்தத் தளம் வருகிறது. வரைவதற்கும் பார்ப்பதற்கும் இதற்கு இணை இல்லை என்பது என் கணிப்பு. இலவசக் கணக்கில் ஒரு சார்ட்டுக்கு 2 இண்டிகேட்டர்தான் (விலையிலிருந்து கணக்கிட்டு வரையும் கோடுகள்). கட்டணத் திட்டங்களில், எசென்ஷியலில் 5, பிளஸ்ஸில் 10, பிரீமியத்தில் 25. பத்துக்கு மேல் போட்டுவிட்டு விலை எங்கே என்று தேடுபவர்களும் உண்டு, அது வேறு கதை. காசு கொடுக்கத் தகுந்தது, குறித்த விலை வந்ததும் தட்டிச் சொல்லும் அலெர்ட். அது அவர்கள் சர்வரில் ஓடுவதால், நம் லேப்டாப் மூடியிருந்தாலும் போனுக்கு வந்துவிடும். ‘தன்’ (Dhan), ‘ஃபையர்ஸ்’ போன்ற புரோக்கர்கள் வழியாக சார்ட்டிலிருந்தே ஆர்டரும் போடலாம். பங்கின் பெயருக்குப் பக்கத்தில் தாமதக் குறி ஏதும் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். தாமத டேட்டாவை வைத்து இன்ட்ராடே செய்வதைவிட சும்மா இருப்பது லாபம்.

இதில் பேக்டெஸ்ட் (உத்தியைப் பழைய டேட்டாவில் ஓட்டிப் பார்ப்பது) உண்டு, அதன் சொந்த நிரல் மொழியான பைன் ஸ்கிரிப்டில் எழுத வேண்டும். விலையைச் சராசரியாக்கிக் காட்டும் ஹெய்கின் ஆஷி சார்ட்டின் மேல் ஸ்ட்ராடஜியை ஓட்டினால் லாபம் கொட்டும். காரணம், சந்தையில் இல்லாத சராசரி விலையில் வாங்கி விற்றதாக அது கணக்குப் போடுகிறது. அமைப்புகளில் போய் உண்மையான விலைக்கு மாற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள், பாதி மாயம் கலைந்துவிடும்.

அமிபுரோக்கர் முற்றிலும் வேறு ரகம். போலந்துக்காரர் டோமாஷ் யானெச்கோ உருவாக்கிய விண்டோஸ் மென்பொருள். தோற்றம் பழசு, வேகம் அசுரம். நூற்றுக்கணக்கான பங்குகளில் பல வருட டேட்டாவை ஒரே போர்ட்ஃபோலியோவாக ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் மற்ற இரண்டும் பக்கத்தில் வரமுடியாது. லைசென்ஸ் ஒருமுறை வாங்கினால் போதும். ஆனால் இது வெறும் அடுப்பு. அரிசி பருப்பை நாம்தான் வாங்கிப் போட வேண்டும். ட்ரூடேட்டா, குளோபல் டேட்டா ஃபீட்ஸ் போன்ற என்எஸ்இ அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களிடம் டேட்டாவுக்குச் சந்தா கட்ட வேண்டும். லைசென்ஸ் விலையை மட்டும் பார்த்துவிட்டு இதை மறந்துவிடுபவர்கள் அதிகம்.

இதன் நிரல் மொழியான ஏஎஃப்எல் எழுதக் கற்றுக்கொள்ளும் எண்ணம் இல்லையென்றால் இதை வாங்கவே வேண்டாம். ‘பை-செல் சிக்னல் சாஃப்ட்வேர்’ என்று ஆயிரக்கணக்கில் விற்கப்படுவதில் பல, கிராக் செய்த அமிபுரோக்கரில் யாரோ எழுதிய ஏஎஃப்எல்லைச் சொருகியவை. பழைய சார்ட்டில் அம்பு எல்லாம் அடியிலும் உச்சியிலும் கச்சிதமாக நிற்கும். உள்ளே ‘ஜிக்’, ‘பீக்’, ‘ட்ரஃப்’ என்ற ஃபங்ஷன்கள் இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். அவை வரப்போகும் கேண்டிலைப் பார்த்துவிட்டு வரைபவை. நேரடிச் சந்தையில் அம்பு வந்த பிறகு இடம் மாறும். விற்றவர் அதைச் சொல்லமாட்டார்.

டேட்டா நிறுவனத்தைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. 2021 பிப்ரவரி 24 அன்று என்எஸ்இ-யில் கோளாறு ஏற்பட்டு 11:40-க்கு வர்த்தகம் நின்றது. மாலை 3:45-க்குத் திறந்து 5 மணி வரை நடந்தது. அந்த நாளின் ஒரு நிமிட டேட்டாவைக் கேளுங்கள். மாலைப் பகுதி இல்லையென்றால், வழக்கமாகச் சந்தை மூடும் 3:30-க்கு மேல் எல்லாவற்றையும் வெட்டுகிறார்கள் என்று அர்த்தம். தீபாவளி முகூர்த்த வர்த்தகத்தின் ஒரு மணி நேரத்தை எப்படி வைத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். அதை முழு நாள் கேண்டிலாக எண்ணினால் வால்யூம் சராசரி கோணலாகிவிடும்.

வருடச் சந்தாவுக்குத் தள்ளுபடி காட்டுவார்கள், அவசரப்பட வேண்டாம். டிரையல் கேட்டு, அதில் நிஃப்டி எக்ஸ்பைரி (ஆப்ஷன் ஒப்பந்தங்கள் முடியும் நாள்) வரும் செவ்வாய்க்கிழமை ஒன்றாவது அடங்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். அன்று மதியம் 2:30-க்கு மேல் நடப்பு விலைக்கு ஒட்டிய ஆப்ஷன் ஸ்ட்ரைக்குகளைத் (ஒப்பந்தத்தில் குறித்த விலைகள்) திறந்து, புரோக்கர் டெர்மினலை ஓரமாக வைத்து இரண்டு விலையையும் பார்த்தபடி இருங்கள். ஃபீட் தடுமாறுவதாக இருந்தால் அந்த ஒரு மணி நேரத்திலேயே தெரிந்துவிடும்.